பெயர் மாறிய பழைய லொறிகள்

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றை எழுத முற்படுவோர் காணியைப் பற்றி எழுதுவர். கம்பனிகளைப் பற்றியும் கங்காணிமாரைப் பற்றியும் எழுதுவர். தொழிற்சங்கங்களைப் பற்றியும் எழுதுவர். ஆனால், மலைப்பாதையில் ஏறியும் இறங்கியும் அத்தோட்டங்களை வெளியுலகோடு இணைத்து வைத்த லொறியைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. கொழுந்தை மடுவத்திலிருந்து ஸ்டோருக்குக் கொண்டுவந்தது லொறி. ஆக்கிய தேயிலையைப் பெட்டி பெட்டியாகப் புகையிரத நிலையத்துக்கு இறக்கியது லொறி. அங்கிருந்து அரிசியையும் மாவையும் உரத்தையும் மலைக்கு ஏற்றியதும் லொறியே. நோயாளியையும் நிறைமாதக் கர்ப்பிணியையும் ஆஸ்பத்திரிக்குச் சுமந்ததும் பல தோட்டங்களில் அதே லொறிதான்.

தலவாக்கலையிலிருந்து நுவரெலியா செல்லும் பெருவீதியில் அமைந்த லிந்துலை இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் புகையிரதப் பாதை வந்து சேர்ந்தது. லிந்துலைக் குன்றுகளில் விளைந்த தேயிலைக்குத் தலவாக்கலை நிலையம் வாயிலாயிற்று. தோட்டத்துக்கும் நிலையத்துக்கும் இடைப்பட்ட தூரத்தை முதலில் மாட்டுவண்டிகள் கடந்தன. இருபதாம் நூற்றாண்டிலே மோட்டார் லொறிகள் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. தூரம் சில மைல்களே எனினும், வளைவும் செங்குத்தும் மழையும் மூடுபனியும் நிறைந்த அப்பாதை வண்டிக்கும் சாரதிக்கும் அன்றாடச் சோதனையாக இருந்தது.

அந்த லொறிகளிற் பெரும்பாலானவை பழைய இரும்பாகிப் போயின. எஞ்சியவை மிகச் சில. ஆனால், அவை ஓரிடத்தில் இன்னும் நிற்கின்றன. அவ்விடம் பழைய புகைப்படம். கோயில் திருவிழாப் படம், கல்யாணப் படம், தொழிற்சங்கக் கூட்டத்தின் படம், ஸ்டோர் வாசலில் எடுத்த படம் ஆகிய இவற்றிலெல்லாம் மனிதருக்குப் பின்னே ஒரு லொறியின் முகப்புத் தெரியும். படத்தின் பின்புறத்தில் ஆண்டு எழுதப்பட்டிராது. படத்தில் உள்ளோரின் பெயர் தெரிந்தவர்களும் ஒருவர்பின் ஒருவராக மறைந்து வருகின்றனர். அவ்வேளையில் அந்த லொறி ஒரு சாட்சியாகின்றது. சாட்சியின் மொழி விளங்கினால், படம் எடுத்த காலத்தைப் பற்றி அது ஏதேனும் சொல்லும்.

அம்மொழியை விளங்கிக்கொள்வதில் ஒரு பெருந்தடை உண்டு. லொறியின் நெற்றியில் எழுதியிருக்கும் பெயர் எப்போதும் அதனைச் செய்தவரின் பெயரன்று. ஒரே லொறி நான்கு பெயர்களில் விற்கப்பட்டதுண்டு. வேறு வேறு தொழிற்சாலைகளில் உருவான மூன்று லொறிகள் ஒரே முகத்தோடு திரிந்ததும் உண்டு. இவ்வாறு பெயர் மாறுவதற்குக் காரணங்கள் மூன்று. கம்பனி கைமாறும்போது புதிய உடைமையாளர் தம் பெயரைப் பொறிப்பது முதலாவது. ஒரே வண்டியை இரு வகை முகவர்கள் வாயிலாக விற்பதற்காக இரு பெயர் சூட்டுவது இரண்டாவது. பிறநாட்டார் ஒருவர் அனுமதி பெற்றுச் செய்யத் தொடங்கி, நாளடைவில் அதனைத் தம் பெயரிலேயே வெளியிடுவது மூன்றாவது. இம்மூன்றையும் மனத்திற் கொண்டால் குழப்பத்தின் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

இலங்கை வீதிகளில் நெடுங்காலம் அறிமுகமான பெட்போர்ட் லொறியையே முதலில் எடுத்துக்கொள்வோம். அதன் பிறப்பு அமெரிக்கத் தொடர்பு உடையது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனி 1920களில் செவ்ரோலெட் லொறிகளை இலண்டனையடுத்த ஹெண்டனிற் பொருத்தி விற்றது. 1925இல் அது லூட்டன் நகரிலிருந்த வொக்ஸோல் கம்பனியை வாங்கிற்று. லொறி வேலையும் சில ஆண்டுகளில் லூட்டனுக்கு மாற்றப்பட்டது. லூட்டன் அமைந்திருப்பது பெட்போர்ட் மாவட்டத்தில். ஆகவே, பிரித்தானிய வாங்குவோருக்கு உவந்த பெயராக முதலில் செவ்ரோலெட்டுடன் பெட்போர்ட் என்னும் பெயர் சேர்க்கப்பட்டது. 1931இல் செவ்ரோலெட் நீங்கிப் பெட்போர்ட் தனித்து நின்றது. எனவே, 1930ஆம் ஆண்டின் செவ்ரோலெட்டும் 1931ஆம் ஆண்டின் பெட்போர்ட்டும் முகத்தால் ஒன்றையொன்று ஒத்திருப்பதில் வியப்பில்லை. அவை உடன்பிறந்தவை.

பெட்போர்ட் என்று எழுதப்பட்டிருப்பதால் மட்டும் காலம் துலங்கிவிடாது. உருவத்தையும் நோக்க வேண்டும். 1950இல் வெளிவந்த எஸ் வகை பொனட் நீளாத, தட்டையான முகமுடையது. 1953இல் வந்த ஏ வகை உருண்டு தடித்த பொனட் உடையது. 1958ஐ ஒட்டி வந்த ஜே வகை அகன்ற பொனட்டும் பரந்த முன்சட்டமும் கொண்டது. பிரித்தானியாவில் அதன் விற்பனை நின்ற பின்னரும் ஏற்றுமதிக்கென அது செய்யப்பட்டது. ஆசிய நாடுகள் பலவற்றில் நிலைத்தது. 1960ஐ ஒட்டி வந்த டி.கே. வகைக்குப் பொனட்டே இல்லை. அதன் எஞ்சின் சாரதியின் இருக்கைக்குப் பின்னே அமைந்தது. பக்கத்திலுள்ள மூடியைத் திறந்தே அதனைப் பழுது பார்க்க வேண்டும். 1987இல் பெட்போர்ட் லொறித் தொழில் ஜெனரல் மோட்டோர்ஸின் கையை விட்டு அகன்று ஏ.டபிள்யூ.டி. என்னும் கம்பனியிடம் சென்றது. அந்தக் கம்பனியும் 1992இல் முடங்கிற்று.

பெட்போர்ட்டைப் பற்றிப் பேசும்போது ஒஸ்டினைச் சொல்லாமல் விடலாகாது. ஒஸ்டின் கம்பனி பர்மிங்ஹாம் நகரைச் சார்ந்தது. 1939இல் அது வெளியிட்ட லொறிகள் முகத்தோற்றத்தில் பெட்போர்ட்டைப் பெரிதும் ஒத்திருந்தன. அவற்றைப் ‘பர்மிங்ஹாம் பெட்போர்ட்’ என்று பிரித்தானியச் சாரதிகளே கேலியாக அழைத்தனர். ஆகவே, பழைய படமொன்றைப் பார்த்து ஒருவர் பெட்போர்ட் என்றும் மற்றொருவர் ஒஸ்டின் என்றும் வாதிட்டால், இருவரையும் குறைகூற இயலாது. ரேடியேட்டர்ச் சட்டத்தின் உச்சியிலுள்ள எழுத்து தெரியும்வரை அவ்வழக்கு தீராது.

ஒஸ்டினின் பிற்காலக் கதை இன்னும் சிக்கலானது. 1952இல் ஒஸ்டினும், மொறிஸைத் தன்னகத்தே கொண்ட நபீல்ட் நிறுவனமும் இணைந்து பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேஷன், சுருக்கமாகப் பி.எம்.சி., உருவாயிற்று. இரண்டு கம்பனிகளுக்கும் தனித்தனி முகவர்கள் இருந்தமையால் ஒரே லொறி ஒரு கடையில் ஒஸ்டினாகவும் அடுத்த கடையில் மொறிஸாகவும் நின்றது. 1960இல் வந்த எப்.ஜி. எனும் வகை இதற்குச் சிறந்த சான்று. அதன் சாரதி அறையின் பின்மூலைகள் இரண்டும் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். கதவுகள் அச்சாய்விலேயே அமைந்திருக்கும். ஒடுங்கிய இடத்தில் நிறுத்தினாலும் சாரதி தடையின்றி இறங்கலாம். பிரித்தானியாவில் வழங்கிய பன்னிரு விளிம்புள்ள மூன்று பென்ஸ் நாணயத்தின் பெயரால் மக்கள் அதனைக் குறித்தனர். அந்த ஒரே வண்டி மொறிஸ், ஒஸ்டின், பி.எம்.சி., லேலண்ட் என நான்கு பெயர்களைத் தாங்கிற்று. 1968இல் லேலண்ட் நிறுவனத்தோடு இணைந்து பிரிட்டிஷ் லேலண்ட் உருவானதன் விளைவே நான்காவது பெயர். கதவின் சாய்வைக் கண்டவர் வண்டியை அறிவார். பெயரை மட்டும் கண்டவர் அந்தப் பெயர் பொறிக்கப்பட்ட காலத்தை ஓரளவு அறிவார். இரண்டையும் ஒருங்கே காண்பவருக்கே முழு விவரமும் கிட்டும்.

போர்ட் கம்பனியின் பெயர்மாற்றம் காலம் கணிப்போருக்கு ஏணிப்படி போல உதவுவது. பிரித்தானியாவிற் செய்த அதன் லொறிகள் 1933 முதல் போர்ட்சன் என்னும் பெயரைப் பெற்றன. 1939இல் போர்ட்சன் தேம்ஸ் என்றாயின. தொழிற்சாலை அமைந்த டகன்ஹாம் தேம்ஸ் நதிக்கரையில் உள்ளது. 1957இல் போர்ட்சன் என்பது நீங்கித் தேம்ஸ் மட்டும் நின்றது. அவ்வாண்டில் வந்த தேம்ஸ் ட்ரேடர் 1965 வரை செய்யப்பட்டது. 1965இல் தேம்ஸும் மறைந்து மீண்டும் போர்ட் என்னும் பெயரே திரும்பிற்று. ஆதலால், ஒரு படத்திலுள்ள லொறியின் முகப்பில் தேம்ஸ் ட்ரேடர் என்னும் சொற்கள் தெரியுமாயின், அப்படம் 1957க்கு முற்பட்டதன்று என்று துணிந்து கூறலாம்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கருத வேண்டும். லொறி படத்தின் முன்னெல்லையைக் காட்டுமேயன்றிப் பின்னெல்லையைக் காட்டாது. 1957இல் வெளிவந்த வகை 1956ஆம் ஆண்டின் படத்தில் இருக்க இயலாது. ஆனால், 1980ஆம் ஆண்டின் படத்தில் தாராளமாக இருக்கலாம். மலைநாட்டில் லொறிகள் நெடுநாள் உழைத்தன. எஞ்சின் தேய்ந்தால் வேறொன்று மாற்றப்பட்டது. பலகை உளுத்தால் புதுப் பலகை அடிக்கப்பட்டது. முன்னெல்லையை மட்டும் கொண்டு ‘இது அந்த ஆண்டில் எடுத்த படம்’ என்று முடிவுகட்டுவது அவசரமாகும்.

கொமர் என்னும் பெயரும் நேயர்கள் பலர் அறிந்ததே. 1905இல் தொடங்கிய கொமர்ஷல் கார்ஸ் என்னும் கம்பனியின் பெயரே சுருங்கிக் கொமர் ஆயிற்று. 1926இல் அது ஹம்பர் கம்பனியின் கையில் விழுந்து, பின்னர் ஹம்பரோடு ரூட்ஸ் சகோதரர்களிடம் சென்றது. 1934இல் ரூட்ஸ் நிறுவனம் கரியர் என்னும் மற்றொரு லொறிக் கம்பனியையும் சேர்த்துக்கொண்டது. 1964இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பனி ரூட்ஸிற் பங்கு வாங்கி, 1967இல் ஆட்சியையும் கைப்பற்றியது. கிரைஸ்லரிடம் டொட்ஜ் என்னும் பெயர் ஏற்கெனவே இருந்தது. ஆகவே, 1976இல் கொமரும் கரியரும் நீங்கி, டொட்ஜ் நின்றது. 1978இல் பிரெஞ்சு நாட்டுப் பெஜோ நிறுவனம் அனைத்தையும் வாங்கிற்று. லொறித் தொழில் பின்னர் ரெனோல்ட் கைக்குச் சென்றது. 1960இல் கொமர் என்ற பெயரில் வெளிவந்த சிறு வேன் ஒன்று, கரியர், பார்கோ, டொட்ஜ் என்னும் பெயர்களையும் தாங்கி, 1983 வரை உருவத்தில் அதிகம் மாறாமலே செய்யப்பட்டது.

கொமருக்குக் கண்ணைவிடக் காதே சிறந்த சான்று. 1954இல் வெளிவந்த அதன் டீசல் எஞ்சினில் உருளைகள் மூன்று, ஆடுதண்டுகளோ ஆறு. ஒவ்வோர் உருளையிலும் இரண்டு ஆடுதண்டுகள் எதிரெதிரே ஓடின. இரண்டு வீச்சில் ஒரு சுழற்சியை முடிக்கும் அந்த எஞ்சின் எழுப்பும் முழக்கம் வேறெந்த லொறிக்கும் இல்லாதது. பெயர்ப்பலகை கழன்றிருந்தாலும், இரவின் இருளில் உருவம் மறைந்திருந்தாலும், வருவது கொமர் என்று அதனோடு பழகிய செவி உடனே அறிந்துகொள்ளும்.

டொட்ஜ், பார்கோ, டிசோட்டோ என்னும் மூன்று பெயர்கள் தனியே கவனிக்கத்தக்கவை. இவை மூன்றும் கிரைஸ்லரின் பெயர்களே. டொட்ஜ் விற்ற முகவர்களும், கிரைஸ்லரின் வேறு வண்டிகளை விற்ற முகவர்களும் தனித்தனியாக இருந்தனர். பின்னவர்களுக்கும் விற்பதற்கு லொறி வேண்டும். ஆகவே, டொட்ஜ் லொறியே நெற்றிப்பட்டை மாறிப் பார்கோ என்றும் டிசோட்டோ என்றும் ஏற்றுமதியாயிற்று. இந்தியாவிலும் பம்பாயின் பிரிமியர் கம்பனி கிரைஸ்லரின் உடன்பாட்டோடு இவ்வகை வண்டிகளைச் செய்தது. பார்கோவுக்கு வாங்கிய பாகம் டொட்ஜுக்குப் பொருந்துவது தற்செயலன்று. இரண்டும் ஒன்றே.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. இலண்டனின் கியூ என்னுமிடத்தில் இயங்கிய டொட்ஜ் தொழிற்சாலை 1949ஐ ஒட்டி வெளியிட்ட லொறிக்கு முன்பக்கம் வளைந்து நீண்டிருந்தது. மக்கள் அதற்குக் கிளிமூக்கு என்று பட்டம் சூட்டினர். அதன் சாரதி அறையைத் தகட்டில் அழுத்திச் செய்து கொடுத்தது பிரிக்ஸ் என்னும் வேறொரு கம்பனி. அக்கம்பனி அதே சாரதி அறையை லேலண்டின் கொமெட் லொறிக்கும், போர்ட்சன் தேம்ஸ் லொறி வகையொன்றுக்கும் கொடுத்தது. எனவே, மூன்று வேறு தொழிற்சாலைகள், மூன்று வேறு எஞ்சின்கள். முகம் மட்டும் ஒன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் கனடாவில் இராணுவத்துக்கெனச் செய்யப்பட்ட லொறிகளும் இத்தகையனவே. போர்ட்டும் செவ்ரோலெட்டும் அரசாங்கம் வகுத்த ஒரே மாதிரியைப் பின்பற்றிச் செய்தன. ஆகவே, முகத்தைக் கொண்டு மட்டும் இனம் காண்பதும் பிழையில் முடியலாம்.

இனி மூன்றாவது காரணமான அனுமதி பெற்றுச் செய்தலுக்கு வருவோம். 1948இல் சென்னையில் அசோக் மோட்டோர்ஸ் என்னும் கம்பனி ஒஸ்டின் கார்களைப் பொருத்துவதற்காகத் தொடங்கப்பட்டது. பின்னர் அது பிரித்தானிய லேலண்டோடு உடன்பாடு செய்து லொறித் தொழிலில் இறங்கி, 1955இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1982இல் லங்கா அசோக் லேலண்ட் இலங்கையில் நிறுவப்பட்டது. தாய்க் கம்பனியான பிரித்தானிய லேலண்டோ 1896இல் லங்காஷயர் நீராவி மோட்டார்க் கம்பனி என்ற பெயரோடு தோன்றி, 1907இல் தான் இருந்த ஊரின் பெயரைச் சூடிக்கொண்டது. அவ்வூரின் பெயர் எண்ணூரில் வளர்ந்து மலைநாட்டு வளைவுகளிலும் ஒலிப்பது வாணிக வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

டாட்டா லொறியின் கதையும் இவ்வாறே. 1945இல் புகையிரத எஞ்சின் செய்வதற்கெனத் தோன்றிய டாட்டா நிறுவனம், 1954இல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் கம்பனியோடு பதினைந்து ஆண்டு உடன்பாடு செய்துகொண்டது. அவ்வுடன்பாட்டுக் காலத்து லொறிகள் டாட்டா மெர்சிடிஸ் பென்ஸ் என வழங்கின. முகப்பில் மூன்று கதிருடைய நட்சத்திரம் மின்னிற்று. 1969இல் உடன்பாடு முடிந்தது. நட்சத்திரம் போய் டாட்டாவின் சொந்தக் குறி வந்தது. லொறியின் வடிவம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. இதில் இலங்கைக்கும் ஒரு தனியிடம் உண்டு. டாட்டா லொறி முதன்முதலாக இந்தியாவுக்கு வெளியே அனுப்பப்பட்டது 1961இல். அது வந்து இறங்கிய நாடு இலங்கை.

பெயர் சூட்டும் உரிமை கம்பனிக்கு மட்டும் உரியதன்று. 2005இல் இந்தியாவில் வெளிவந்த டாட்டா ஏஸ் எனும் சிறு லொறிக்கு இலங்கையில் வழங்கும் பெயர் டிமோ பட்டா. டிமோ என்பது இங்கே அதனை விற்கும் கம்பனியின் பெயர். செய்தவரின் பெயரைக் காட்டிலும் விற்றவரின் பெயரே மக்கள் நாவில் நின்றது. நூறு ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் டிமோ பட்டாவைத் தேடி உலகத் தொழிற்சாலைகளின் பட்டியலைப் புரட்டினால் அங்கே அதனைக் காணமாட்டார்.

இவ்வளவு குழப்பத்துக்கிடையே ஒரு லொறியை நிச்சயமாக அறியும் வழி யாது? எளிதில் மாற்ற இயலாததை முதலில் நோக்குவதே வழி. நெற்றிப் பெயர்ப்பட்டை இரண்டு ஆணிகளால் நிற்பது. ஒரு வண்டியில் கழற்றியதை மற்றொன்றில் பொருத்திவிடலாம். பேர்கின்ஸ் போன்ற டீசல் எஞ்சின் செய்வோர் தம் சின்னத்தையும் முகப்பிற் பதித்தனர்; அது எஞ்சினுக்கு உரியதேயன்றி லொறிக்கு உரியதன்று. சாமான் ஏற்றும் பெட்டியும், பல வேளைகளிற் சாரதி அறையும், உள்ளூர்த் தச்சர் பலகையால் அமைத்தவை. அவற்றின் அழகு தச்சருக்கு உரியது. தொழிற்சாலையைப் பற்றி அவை எதுவும் சொல்லமாட்டா. ஆனால், செசி எனப்படும் அடிச்சட்டத்தில் வெட்டப்பட்ட இலக்கமும், அதனோடு பொருத்திய உலோகத் தகடும் செய்தவரைச் சொல்லும். எஞ்சினில் வார்த்த எழுத்துகள் எஞ்சினைச் செய்தவரைச் சொல்லும். இரண்டும் பதிவுப் புத்தகத்தோடு பொருந்துகின்றனவா என்று பார்த்தல் வேண்டும்.

படத்தில் அடிச்சட்டத்தின் இலக்கம் தெரியாது. அங்கே வேறு குறிகள் உதவும். முதலாவது இலக்கத் தகடு. பழைய இலங்கை வாகனங்களின் தகட்டில் ஆங்கில எழுத்துகள் இருந்தன. 1950களின் பிற்பாதியில் ‘ஸ்ரீ’ என்னும் சிங்கள எழுத்து வந்தது. 2000ஆம் ஆண்டில் மீண்டும் ஆங்கில எழுத்துகள் வந்தன. ஸ்ரீ எழுத்துள்ள தகடு தெரியும் படம் 1957க்கு முற்பட்டதாக இருக்க இயலாது. இரண்டாவது குறி கதவில் எழுதிய பெயர். தோட்ட லொறியின் கதவில் தோட்டத்தின் பெயரையும் உடைமையாளரின் பெயரையும் எழுதுவது வழக்கம். 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் பொறுப்பேற்றன. 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் முகாமை கையளிக்கப்பட்டது. ஆகவே, ஒரே லொறியின் நெற்றியில் செய்தவர் பெயரும் கதவில் உடைமையாளர் பெயரும் தனித்தனியே மாறிக்கொண்டிருந்தன. இரண்டையும் சேர்த்துப் படித்தால் காலம் இன்னும் குறுகிய எல்லைக்குள் அகப்படும்.

இவ்வாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கன்று. பழைய லொறியை இன்றும் ஓட்டுவோருக்கு இது உயிரோடு சம்பந்தப்பட்ட காரியம். செங்குத்துக்குப் பெயர்பெற்ற நானுஓயா ரதல்லைக் குறுக்குவீதியை அறிந்தவருக்கு, மலை இறக்கத்தில் பிரேக் என்பது யாது என்று விளக்க வேண்டியதில்லை. நெற்றிப் பெயரை மட்டும் சொல்லிக் கடையில் வாங்கிய பிரேக் ரப்பர் அளவில் ஒரு நூலளவு வேறுபட்டாலும், சமவெளியில் அது தாங்கும், இறக்கத்தில் கைவிடும். ஆகவேதான், அனுபவமுள்ள மெக்கானிக் பெயரைக் கேட்பதோடு நில்லாமல், பழைய பாகத்தையே கையிற் கொண்டுவரச் சொல்வார். அவருடைய அந்த ஒரு வாக்கில் மேலே கூறிய ஆராய்ச்சி முழுவதும் அடங்கியிருக்கிறது.

இதனினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. மலைநாட்டுத் தமிழரின் வாழ்வு காகிதத்தில் மிகக் குறைவாகவே பதியப்பட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தந்தைவழிப் பிறப்புக்குச் சான்று கேட்டது; பலரிடம் காட்டுவதற்குச் சான்றிதழ் இருக்கவில்லை. 1964இல் செய்யப்பட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்குவதென்றும் வகுத்தது. தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் புறப்பட்டனர். பெட்டியும் படுக்கையும் பாத்திரமும் தோட்ட லொறியில் ஏறின. அங்கிருந்து புகையிரதம், பின்னர் தலைமன்னார், பின்னர் இராமேஸ்வரம் செல்லும் கப்பல். 1984இல் அக்கப்பற் போக்குவரத்தும் நின்றது. பிரிந்துபோன உறவினர் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குன்னூரிலும் வாழ்கின்றனர். கடலின் இருபுறத்திலும் உள்ள இக்குடும்பங்களிடம் எஞ்சியிருப்பவை சில புகைப்படங்களே.

அப்படங்களில் நிற்பவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்னும் வினாக்களுக்கு விடை காண்பது அரிது. தோட்டத்துக்கும் பெயர் ஒன்றன்று. லிந்துலைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஸ்கொத்லாந்தையும் இங்கிலாந்தையும் நினைவூட்டும் ஆங்கிலப் பெயர் ஒருபுறம். தொழிலாளர் வாயில் வழங்கும் தமிழ்ப் பெயர் மறுபுறம். துரையின் கணக்கில் இருந்தது முன்னது. ஊருக்குக் கடிதம் எழுதும்போதும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும்போதும் வழங்கியது பின்னது. பெயர் மாறினும் பொருள் மாறாது என்பதை மலைநாட்டார் புத்தகத்திற் படித்து அறிந்தவரல்லர். அவர்கள் வாழ்ந்த இடத்திலேயே அஃது அமைந்திருந்தது. ஆகவே, பெயர் மாறிய லொறியை இனங்காணும் ஆற்றல் அவர்களுக்கு அந்நியமானதன்று.

இப்பணியைச் செய்யப் பெரிய நிறுவனம் எதுவும் வேண்டுவதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் உள்ள பழைய படங்களை எடுத்து, வயது முதிர்ந்தோர் இருக்கும்போதே, நான்கு செய்திகளைக் கேட்டுப் படத்தின் பின்புறத்தில் மெல்லிய பென்சிலால் எழுதி வைத்தாற் போதும். படத்தில் நிற்பவர் யார். தோட்டத்தின் ஆங்கிலப் பெயரும் தமிழ்ப் பெயரும் யாவை. லொறியின் முகப்பிலும் கதவிலும் இலக்கத் தகட்டிலும் தெரியும் எழுத்துகள் யாவை. அதனை ஓட்டிய சாரதியின் பெயர் யாது. எழுத்து அரைகுறையாகத் தெரிந்தால் தெரிந்த அளவே எழுத வேண்டும்; ஊகத்தால் நிரப்பலாகாது. பாடசாலை மாணவர் இதனை ஒரு விடுமுறைப் பணியாக மேற்கொள்ளலாம். சரித்திரம் என்பது அரசர்களின் பட்டியல் மட்டுமன்று என்பதைப் பத்துப் பாடங்களாற் புகட்டுவதிலும் இந்த ஒரு பணியால் எளிதிற் புகட்டலாம்.

கம்பனிகள் தம் பெயர்களைப் பாதுகாக்க நூலகமும் அரும்பொருட்சாலையும் வைத்திருக்கின்றன. பெட்போர்ட் எப்போது பிறந்தது, கொமர் எப்போது மறைந்தது என்பவற்றை அறிந்துகொள்ள இன்றைக்கும் வழியுண்டு. ஆனால், மழை பெய்யும் விடியலில் லிந்துலை மலைச்சரிவிலிருந்து தலவாக்கலைக்குத் தேயிலைப் பெட்டிகளை இறக்கிய சாரதியின் பெயரும், பெட்டிகளின்மேல் அமர்ந்து வந்த கிளீனரின் பெயரும் எந்தக் கம்பனியின் ஏட்டிலும் இல்லை. அவற்றை அறிந்தவர்கள் நம்மிடையே இன்னும் சிலரே உள்ளனர். லொறியின் பெயரைத் தேடிச் செல்பவர் அவர்களின் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டு திரும்புவாராக.